நாகலூர் தோட்டத்து அறையில் குளிரும் ஈரமும்: வயசான அத்தைக்கு எதை வைத்துச் சூடேற்றலாம்?

அம்மாபேட்டை மருமகள்:

வணக்கம். ஏற்காட்டில் குளிர்காலத்தில் தங்கிப் பழகியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

எங்களுக்கு நாகலூர் பக்கம் ஒரு சின்னக் காப்பித் தோட்டம். கார்த்திகையில் பழம் பறிக்க ஆரம்பித்தால் தை வரைக்கும் அங்கே ஆள் இருந்தாக வேண்டும். களத்தில் காயும் காப்பியை விட்டுவிட்டுக் கீழே இறங்க முடியாது. வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வேலை, அதனால் நானும் அத்தையும்தான் மேலே தங்குவோம். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. வீசிங் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறார். கீழேயே இருங்கள் என்றால் கேட்க மாட்டார். அந்தத் தோட்டத்தில் பாதிச் செடி அவர் கையால் நட்டது. அவரை அங்கே வரவிடாமல் செய்ய எனக்கும் மனசில்லை.

தங்கும் அறை பத்துக்கு எட்டு, உயரம் எட்டடி. சுவர் சில்வர் ஓக் பலகை, கூரை தகர ஷீட், தரை சிமெண்ட். ஒரு கதவு, ஒரு ஜன்னல். பலகை இடுக்கு வழியாகக் காற்று வராமல் இருக்க உள்பக்கம் முழுக்க பாலிதீன் ஷீட் அடித்திருக்கிறது. குளிர் ஒரு பக்கம் இருக்கட்டும், ஈரம்தான் தாங்க முடியவில்லை. விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டுகிறது. மழையே இல்லாத நாளிலும் சொட்டுகிறது. ஓட்டை எதுவும் இல்லை, ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் நசநசவென்று இருக்கிறது, கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகப் பூசணம். கம்பளி போர்த்தினாலும் போர்வையே ஈரவாடை அடிக்கிறது. அத்தைக்கு இருமல் ஆரம்பித்தால் விடியும்வரை நிற்பதில்லை.

அத்தை கும்முட்டியில் கரி போட்டு உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். கடையில் சிலிண்டரோடு வருகிற காஸ் ஹீட்டர் ஒன்று காட்டினார்கள், அரை மணி நேரத்தில் அறை சூடாகிவிடும் என்றார்கள். ஆயில் ஹீட்டர் என்று கரண்டில் ஓடுவதும் இருக்கிறது. ஆனால் காற்றடித்தால் எங்கள் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போய்விடும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இதில் எது சரி? இந்தச் சொட்டுகிற தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?

காப்பிக்காடு:

அக்கா, எங்கள் தாத்தா வீட்டில் காலங்காலமாகக் கும்முட்டிதான். கரி நன்றாகப் பிடித்துச் சிவப்பாகி, புகை நின்ற பிறகு உள்ளே எடுத்து வந்தால் ஒன்றும் ஆகாது. புகைதான் ஆபத்து. செலவும் இல்லை, தோட்டத்திலேயே விறகு கிடைக்கிறது.

அது வேண்டாம் என்றால் மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து, அடியில் நாலு மெழுகுவத்தி ஏற்றி வைக்கிற வீடியோ ஒன்று சுற்றுகிறது. சின்ன அறைக்கு அது போதும் என்கிறார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட் டியூட்டி நர்ஸ்:

கும்முட்டியை உள்ளே வைக்காதீர்கள் அக்கா. மேலே தம்பி நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், ஆனால் புகை நின்ற பிறகுதான் அதிக ஆபத்து. சிவந்து கனன்றுகொண்டிருக்கிற கரிதான் கார்பன் மோனாக்சைடை நிறைய விடும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது. புகை இருந்தாலாவது எழுந்து வெளியே ஓடுவோம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு இந்த வாயு 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் தலைசுற்றல், குமட்டல், கை கால் அசதி. தூங்குகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. கொடைக்கானல், ஊட்டி என்று குளிர் ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி குளிர்காலங்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீசிங் இருப்பவர்கள் வீட்டில் இப்போது விரலில் மாட்டுகிற ஆக்சி மீட்டர் இருக்கும். இந்த வாயு ஏறியிருந்தாலும் அந்த மீட்டர் 97, 98 என்று நல்ல எண்ணையே காட்டும். சாதாரண விரல் மீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதைப் பார்த்து நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். அடுப்பு எரிகிற அறையில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேட வேண்டாம், முதலில் வெளியே வாருங்கள், பிறகு 108-க்கு அழையுங்கள். ஆஸ்பத்திரியில் கரி அடுப்பு வைத்திருந்தோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அத்தையின் இருமலுக்கு அந்தப் பூசணமும் காரணமாக இருக்கலாம். வீசிங் இருப்பவர்களுக்குப் பூசணத் தூள் மூச்சில் போனால் கூடும். நெஞ்சு டாக்டரிடம் இந்த அறையைப் பற்றியும் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி மாலுமி:

அம்மா, நான் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அறையைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் (Oban) என்ற ஊரின் துறைமுகத்தில் நின்ற ஒரு சின்னப் பாய்மரப் படகு. நண்பருடையது, 27 அடி நீளம். குளிர்காலத்திலும் தண்ணீரிலேயே கிடக்கும். அதன் கேபின் உங்கள் அறையை விடச் சின்னது. அங்கே பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு இருக்கிற தொல்லை அப்படியே படகுக்காரர்களின் தொல்லை. குளிரை விட ஈரம்தான் அவர்களைப் படுத்தும். அதனால் அவர்கள் இதைப் பல தலைமுறையாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.

சொட்டுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். உங்கள் இருவரிடமிருந்துதான் வருகிறது. தூங்குகிற ஒருவர் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வியர்வையிலுமாகக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை தண்ணீரைக் காற்றில் விடுகிறார். உங்கள் அறையின் கொள்ளளவு 640 கன அடி, அதாவது 18 கன மீட்டர். 12 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 10.7 கிராம்தான். அறை முழுவதற்கும் சேர்த்தால் 200 கிராம்கூட இல்லை. அதற்கு மேல் வருவதெல்லாம் எங்காவது போய்த் தண்ணீராக உட்கார்ந்தாக வேண்டும். எது அதிகக் குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். உங்கள் வீட்டில் அது தகரம். அடுத்தது மெத்தையின் அடிப்பக்கம். பாலிதீன் அடித்து மூடிவிட்டதால் அது வெளியே போக வழியும் இல்லை.

நாளைக் காலையில் டார்ச் அடித்துக் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கிற ஒவ்வொரு ஸ்குரூ முனையிலும், ஜே போல்ட்டின் நுனியிலும் ஒரு சொட்டு தொங்கும். இரும்பு வழியாக வெளிக் குளிர் நேராக உள்ளே இறங்குகிறது, அதனால் முதல் சொட்டு அங்கேதான் கட்டும். அந்தப் படகிலும் மேல்தளத்திலிருந்து கேபினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் தலைகளில் இப்படித்தான் வரிசையாகத் தொங்கும், படுத்திருப்பவன் நெற்றியில் விழும்.

இப்போது காஸ் ஹீட்டர். தயவுசெய்து வாங்காதீர்கள். சிலிண்டர் காஸ் ஒரு கிலோ எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வரும். அதில் சந்தேகமே இல்லை, காஸில் இருக்கிற ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான் ஆகும். புகைக்குழாய் இல்லாத காஸ் ஹீட்டர் இரண்டரை கிலோவாட் அளவில் ஓடினால் மணிக்கு 300 கிராம் தண்ணீரை உங்கள் அறைக்குள் ஊற்றும். அறை சூடாகும்போது சுகமாக இருக்கும். அணைத்த பிறகு அத்தனையும் தகரத்திலிருந்து உங்கள் மேல் திரும்பி விழும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் அப்படியே. கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு, நர்ஸ் தங்கச்சி அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

பூந்தொட்டி மெழுகுவத்தியும் படகுக்காரர்களிடம் சுற்றுகிற ஒன்றுதான். ஒரு மெழுகுவத்தி கொடுப்பது சுமார் 80 வாட், தொட்டி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதே 80. மண்சட்டி சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், கூட்டாது. பலகைச் சுவருக்குள் திறந்த தீ எதற்கு?

படகில் கடைசியில் எல்லோரும் வந்து சேர்கிற முடிவு ஒன்றுதான்: எரிவது எதுவானாலும் அதன் புகையும் ஆவியும் குழாய் வழியாக வெளியே போக வேண்டும், சூடு மட்டும் உள்ளே நிற்க வேண்டும். டீசல் ஹீட்டர்கள் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியே விட்டு, சுத்தமான சூடான காற்றை மட்டும் கேபினுக்குள் ஊதும். எங்கள் நண்பர் வைத்திருந்தது சுவரில் மாட்டுகிற சின்ன விறகு அடுப்பு. மேல்தளத்தைத் துளைத்துப் புகைக்குழாய் போகும். அதை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் மெத்தை விளிம்பு உலர ஆரம்பிக்கும், கையை வைத்தால் தெரியும்.

இதில் எல்லோரும் நம்ப மறுக்கிற ஒன்று இருக்கிறது. வெளியே பனிமூட்டம் அப்பிக் கிடக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடும் என்று நினைக்கிறோம். சூடேற்றாத அறை என்றால் அது சரி. ஆனால் உள்ளே சூடு இருந்தால் கணக்கு மாறிவிடும். வெளியே 12 டிகிரியில் நூற்றுக்கு நூறு ஈரத்தோடு இருக்கிற காற்று உள்ளே வந்து 18 டிகிரி ஆனால் அதன் ஈரப்பதம் நூற்றுக்கு 68-க்கு இறங்கிவிடும். 20 டிகிரி ஆக்கினால் 60. தண்ணீர் எங்கேயும் போகவில்லை, சூடான காற்று அதிகம் தாங்கும், அவ்வளவுதான். அந்தக் காற்று உங்கள் மூச்சின் ஈரத்தையும் ஏற்றிக்கொண்டு மேலே இருக்கிற துவாரம் வழியாக வெளியே போய்விடும். சூடு மட்டும் இருந்தால் போதாது, துவாரம் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் அறை காயும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ஹீட்டர் வாங்க மாட்டேன். கூரையைப் பார்ப்பேன். உள்ளே 18 டிகிரி, வெளியே 10 டிகிரி என்றால் அந்த 80 சதுர அடி வெறும் தகரம் வழியாக மட்டும் 400 வாட் சூடு ஓடிவிடும். தகரத்துக்கு அடியில் ஓர் அங்குலத் தெர்மோகோல் பலகை, அதன் கீழே பிளைவுட் மூடி அடித்தால் அது ஆறில் ஒரு பங்காகக் குறையும், சொட்டுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். தெர்மோகோலை வெறுமனே விடாதீர்கள், தீப்பிடித்தால் உருகி ஒழுகும். பிளைவுட் மூடியே ஆக வேண்டும், இடுக்குகளை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆவி மேலே ஏறிப் பழையபடி தகரத்தில் கட்டும்.

அடுத்தது கட்டில். மெத்தை தரையிலோ முழுப் பலகையிலோ கிடக்கக்கூடாது. படகில் இப்போது படுக்கைக்கு அடியில் கம்பி வலைப் பாய் மாதிரி ஒன்று விரிக்கிறார்கள், காற்று ஓடுவதற்கு. நம் ஊர் கயிற்றுக் கட்டிலை விட அதற்குச் சிறந்தது எதுவும் இல்லை. நாடாக் கட்டிலும் சரி. மேலே ஸ்பாஞ்சு மெத்தை வேண்டாம், பூசணம் பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு இலவம்பஞ்சு மெத்தை போடுங்கள். வெயில் வருகிற நாளெல்லாம் களத்து ஓரத்தில் காயப்போடலாம்.

இதெல்லாம் செய்த பிறகு, கரண்ட் இருக்கிற ராத்திரிக்கு 1000 வாட் ஆயில் ஹீட்டர் தாராளம். புகை இல்லை, ஆவி இல்லை, அத்தையின் நெஞ்சுக்கும் நல்லது. மணிக்கு ஒரு யூனிட். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு அறையும் படுக்கையும் காய்ந்த பிறகு தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிடலாம். தனி வயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த், அதற்கென்று ஒரு எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணைகிற சுவிட்ச்) போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருக வேண்டாம். படுத்த பிறகு உடம்பைச் சூடாக வைக்க வெந்நீர்ப் பை போதும், போர்வைக்குள் கால் பக்கம் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். அறையையே ராத்திரி முழுக்கச் சூடாக்குவதை விடப் படுக்கையைச் சூடாக்குவது லேசு.

கரண்ட் போன ராத்திரிக்கு விறகு அடுப்பு, குழாயோடு. அதை மலை மேலே இருக்கிற பட்டறைக்காரர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஐரோப்பியத் தரம் இ.என். 50291 என்று போட்டிருந்தால் நல்லது. அதில் இரண்டாம் பகுதி படகுக்கும் கேரவனுக்குமே எழுதியது. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தால் மூன்று நிமிஷத்துக்குள் கத்தும், 50 பங்கு என்றால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கத்தும். தலைமாட்டு உயரத்தில், படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம்.

அம்மாபேட்டை மருமகள்:

ஐயா, ரொம்ப நன்றி. நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஸ்குரூ முனையில் சொட்டு தொங்குவதை அவரே பார்த்திருக்கிறாராம், தகரம் போட்ட நாளிலிருந்து இப்படித்தான் என்றார். முன்னே புல் கூரையாக இருந்தபோது சொட்டியதே இல்லையாம். உள்ளேயே அடுப்பு எரிந்தும் ஒன்றும் ஆனதில்லையாம். அதனால்தான் கும்முட்டி கேட்கிறார்.

காஸ் ஹீட்டர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பாலிதீனை எடுத்துவிடட்டுமா? எடுத்தால் பலகை இடுக்கு வழியாகக் காற்று வீசுமே. துவாரம் எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது? சாரல் உள்ளே அடிக்காதா? விறகு அடுப்பு செய்துதர ஆள் இருந்தால் சொல்லுங்கள். அத்தைக்குத் தீ கண்ணில் தெரிந்தால்தான் குளிர் விட்ட மாதிரி இருக்குமாம்.

மலைப் பட்டறை:

அக்கா, நான் ஏற்காட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். காட்டேஜ்களுக்கும் எஸ்டேட்களுக்கும் அடுப்பு செய்து கொடுத்திருக்கிறேன். பழைய வெள்ளைக்காரன் பங்களாக்களில் சிம்னி சுத்தம் பண்ணவும் கூப்பிடுவார்கள்.

அத்தை சொல்வது உண்மை. புல் கூரை முழுக்க மூச்சு விடும், புகையும் ஆவியும் மேலே கசிந்து போய்விடும். மலை மேலே பெரியவர்கள் அப்படித்தான் தீ மூட்டி வாழ்ந்தார்கள். தகரமும் பாலிதீனும் அடித்த அறையில் அதே தீ ஆளைக் கொன்றுவிடும்.

அடுப்புக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு போதும், ஒன்றரை அடி நீளப் பெட்டி. கதவு இறுக்கமாக மூட வேண்டும், காற்று விடுகிற ஓட்டைக்குத் தள்ளு மூடி வைக்க வேண்டும். கண்ணில் தீ தெரிய வேண்டும் என்றால் கதவில் சூடு தாங்கும் கண்ணாடி ஒரு துண்டு வைக்கலாம். குழாய் 4 அங்குலம். ஜி.ஐ. குழாய் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், துத்தநாகப் பூச்சு சூட்டில் உரிந்து புகையும். கறுப்பு இரும்புக் குழாய் அல்லது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடைகளில் கிடைக்கும்.

குழாய் சேர்க்கும்போது மேல் குழாயின் வாய் கீழ்க் குழாய்க்குள் இறங்க வேண்டும். நிறையப் பேர் மாற்றிப் போடுகிறார்கள், மழை உள்ளே வராது என்று நினைத்து. குழாய்க்குள் கட்டுகிற தார்த் தண்ணீர் அப்போது மூட்டு வழியாக வெளியே வழிந்து சுவரெல்லாம் கறுப்பாகும், அந்த வாடை போகவே போகாது. சரியாகப் போட்டால் அது உள்ளேயே வழிந்து அடுப்பில் எரிந்துவிடும். மழைக்கு உச்சியில் தொப்பி இருக்கிறது.

உங்கள் சுவர் பலகை. அதனால் குழாய்க்கும் மரத்துக்கும் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். அடுப்புக்கு மூன்றடி வேண்டும், பத்துக்கு எட்டு அறையில் அவ்வளவு விட முடியாது. அதற்குச் சுவரில் ஒரு தகட்டை ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தி, மேலும் கீழும் திறந்து விட்டால் நடுவில் காற்று ஓடும், அப்போது ஓரடி போதும். சுவரோடு ஒட்டி ஆணி அடித்த தகடு பிரயோஜனமில்லை. கூரையில் குழாய் போகிற இடத்தில் தெர்மோகோலையும் பிளைவுட்டையும் சுற்றிலும் ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டு, அங்கே வெறும் தகடு போட்டு விடலாம். குழாய் உச்சி கூரைக்கு மேலே மூன்றடி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று திருப்பி அடித்துப் புகையை உள்ளே தள்ளும்.

விறகு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். இந்த வருஷம் கவாத்து பண்ணிய சில்வர் ஓக் கிளையை இந்த வருஷமே எரிக்காதீர்கள். பச்சை மரத்தில் பாதி தண்ணீர்தான். பிடுங்கிப் போட்ட பழைய காப்பித் தூர் இருந்தால் அதுதான் தங்கம், நின்று எரியும். கூரைக்கு அடியில் ஒரு வருஷம் காய்ந்த விறகு, இரண்டு கட்டையைத் தட்டினால் கணீர் என்று சத்தம் வர வேண்டும். குழாயை மாசம் ஒரு தரம் கம்பி பிரஷ் விட்டுத் தட்டிவிடுங்கள்.

நைட் டியூட்டி நர்ஸ்:

அடுப்பு வைப்பதானால் ஒரு வார்த்தை. வீசிங் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து விறகு தள்ளக்கூடாது. கதவைத் திறக்கும்போது கொஞ்சமாவது புகை வரும். அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். தூங்கப் போகும்போது புதுக் கட்டை போட வேண்டாம். குழாய் மூடி எதுவும் இருந்தால் அதைக் கனல் அணையும் வரை மூடவே கூடாது.

அஸ்தம்பட்டி மாலுமி:

பட்டறைத் தம்பி சொன்னது அத்தனையும் படகு அடுப்புக்கும் அப்படியே பொருந்தும். நர்ஸ் தங்கச்சி சொன்ன கடைசி விஷயம் உயிர் காக்கிற விஷயம். அதற்காகவே குழாயில் மூடி வைக்காமல் விட்டுவிடச் சொல்லுவேன்.

பாலிதீனை எடுத்துவிடுங்கள் அம்மா. பலகைக்கும் பாலிதீனுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு பலகையே உளுத்துவிடும். இடுக்குகளுக்கு மேலே மெல்லிய ரீப்பர் கட்டை வைத்து அடித்தால் காற்று வீசாது.

துவாரம் இரண்டு வேண்டும், ஒன்று கீழே, ஒன்று எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி மேலே. ஒவ்வொன்றும் நாலு அங்குல வட்டம். அடுப்பு எரிகிற நேரத்தில் கீழ்த் துவாரத்தை எக்காரணத்துக்காகவும் துணி அடைக்கக் கூடாது. அந்தக் காற்று இல்லாவிட்டால் புகை குழாயில் ஏறாது. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருந்தால் அடுப்பு எரியும்போது போட வேண்டாம், அது புகையைக் குழாயிலிருந்து கீழே இழுத்துவிடும்.

சாரலுக்குப் படகில் ஒரு அருமையான வழி உண்டு, டொரேட் பெட்டி என்கிற காற்றுப் பெட்டி. 1930-இல் கடலில் இறங்கிய டொரேட் என்ற பந்தயப் படகின் பெயரையே அந்தப் பெட்டிக்கு வைத்துவிட்டார்கள். ஒலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்த படகு. அலை மேலே அடிக்கிற இடத்தில்கூட அந்தப் பெட்டி வழியாகக் காற்று உள்ளே போகும், தண்ணீர் போகாது. செய்வது சுலபம். சுவரின் வெளிப்பக்கம் ஓரடி நீளத்தில் ஒரு மூடிய பலகைப் பெட்டி அடியுங்கள். வெளிக்காற்று நுழைகிற வாய் பெட்டியின் ஒரு முனையில். அறைக்குள் போகிற ஓட்டை மறுமுனையில், பெட்டித் தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்த்தி, ஒரு துண்டு பி.வி.சி. குழாய் சொருகி வைக்க வேண்டும். காற்றோடு வருகிற தண்ணீர் பெட்டிக்குள் வந்ததும் கீழே விழுந்துவிடும், காற்று மட்டும் உயரமாக இருக்கிற குழாயைப் பிடித்து உள்ளே போகும். பெட்டியின் அடிமூலைகளில் விழுந்த தண்ணீர் வடிய விரற்கடை அளவு ஓட்டை விடுங்கள். பெட்டியின் வாய்க்குக் கொசு வலை அடியுங்கள், ஆனால் மாசம் ஒரு தரம் தூசி தட்ட வேண்டும்.

ஒரு ஈரப்பத மீட்டரும் வாங்கி, படுக்கைக்கு அருகே மாட்டுங்கள். 60-க்குப் பக்கத்தில் நின்றால் பூசணம் பிடிக்காது. காலையில் 75-க்கு மேல் காட்டினால் துவாரம் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழை உங்களுக்கு வடகிழக்கிலிருந்து வரும். அதனால் பெட்டியின் வாயைத் தென்மேற்குப் பார்த்து வையுங்கள். பக்கத்தில் மேடோ மரமோ காற்றைத் திருப்பிவிடுகிறதா என்று மட்டும் ஒரு மழை நாளில் நின்று பார்த்துவிட்டு ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.